பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம்

குரோம்பேட்டைவாசிகளுக்கு விமான இரைச்சல் புதிதன்று. மீனம்பாக்கம் ஓடுபாதை பல்லாவரத்தை அடுத்துத்தான் இருக்கிறது. பேச்சைச் சற்று நிறுத்தி, இரைச்சல் அடங்கியபின் தொடர்வது எங்கள் வழக்கம். அவ்விமானங்களுள் சிறியதொன்று, விசிறிகள் சுழலும் ஏ.டி.ஆர்., யாழ்ப்பாணம் செல்வது என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

மீனம்பாக்கத்துக்கும் பலாலிக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 355 கிலோமீட்டர். மதுரை விமான நிலையம் இதைவிட அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. குரோம்பேட்டையில் மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையம் சேர்வதைவிட அரைமணி கூடுதல், அவ்வளவே.

வழியும் புதிதன்று. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையை அடுத்த பலாலியில் இறங்கித்தான் சென்னை வந்தது. 1970களின் இறுதியில் இத்தொடர்பு அறுந்தது. அதன்பின் யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர், அதைத் தாண்டி வெகுதூரம் தெற்கே பறந்து கட்டுநாயக்கவில் இறங்கி, 350 கிலோமீட்டருக்கும் மேல் தரைவழியாக வடக்கே திரும்பி வர வேண்டும். போர்க்காலத்தில் ஏ-9 சாலை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் அதுவும் இயலாது. 2019 நவம்பர் 11 அன்று அலையன்ஸ் ஏர் நேரடிச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இன்டிகோவும் இவ்வழியில் இறங்கியது.

இந்த நாற்பதாண்டுகளில் கடல் அகன்றுவிடவில்லை. அனுமதிதான் இல்லாமற்போயிற்று. பலாலியிலேயே இதற்குச் சான்றுண்டு. விமானத் தளத்தைச் சுற்றிய ஊர்களிலிருந்து 1990இல் வெளியேறியவர்களுள் ஒரு பகுதியினர் இன்னமும் தம் காணிகளுக்குத் திரும்பவில்லை. சென்னைப் பயணி ஒன்றேகால் மணியில் வந்திறங்கும் இடத்துக்கு, சில கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்பவரால் முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் போக முடியவில்லை.

அந்தத் தடையை நீக்குவது நம் கையில் இல்லை. ஆனால் வாசகர்களாக நாமே வளர்த்துக்கொண்ட தூரம் ஒன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' நாற்பதாண்டுகளுக்கு மேல் வெளிவந்தது. நம்மில் எத்தனை பேர் அதன் ஓர் இதழையேனும் புரட்டியிருக்கிறோம்? 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே செல்ல விமானமும் வேண்டாம், விசாவும் வேண்டாம். இருந்தும் ஈழத்து எழுத்தாளரைக் கூட்டத்துக்கு அழைத்தால், அவருடைய கதையைப் பற்றிக் கேட்பதை விட்டுப் போரைப் பற்றியே கேட்கிறோம். சாட்சியாக அழைக்கிறோமே தவிர, எழுத்தாளராக அழைப்பதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நண்பர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. பலாலிக்குப் போகிறவர்கள் நல்லூரைக் கண்டு திரும்புகையில், அவ்வூர்ப் புத்தகக் கடையில் நான்கு நூல்களும் வாங்கி வாருங்கள். போக இயலாதவர்கள் இன்றிரவு ஒரு பழைய 'மல்லிகை'யைத் திறந்து ஒரு சிறுகதை படியுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவோம்.