பேசாத சிவாஜி

நடிகர் திலகத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்: "ஓவர் ஆக்டிங்". உடனே நம் வயதுக்காரர்கள் என்ன செய்கிறோம்? 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியையோ, கட்டபொம்மன் ஜாக்சன் துரையிடம் சீறுவதையோ செல்போனில் போட்டுக் காட்டுகிறோம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நமக்குக் கோபம் வருகிறது. பேச்சு அதோடு நின்றுபோகிறது.

வசனத்தை வைத்து வாதாடினால் இந்த வழக்கில் நாம் ஜெயிக்க முடியாது என்பது என் கருத்து. சிவாஜி வாய் திறக்காத இடங்களை வைத்துத்தான் வாதாட வேண்டும்.

முதலில் அந்தப் பெரிய குரல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நமக்குக் கொள்ளிடம் தாண்டினால் தஞ்சாவூர். அதற்கும் அப்பால் சூரக்கோட்டை. கணேசனின் பூர்வீகம் அதுதான். சிறுவயதில் திருச்சியில் கட்டபொம்மன் கூத்துப் பார்த்து, அந்த மயக்கத்திலேயே நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தவர். பெண் வேடம் உட்பட எல்லா வேடமும் கட்டினார். அண்ணா எழுதிய நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் 'சிவாஜி' என்று அழைத்தார். பெயர் நிலைத்துவிட்டது. 1952-ல் 'பராசக்தி' வந்தபோது அவருக்குப் பின்னால் பல வருட மேடை இருந்தது.

மேடையின் அளவு வேறு. நம் பக்கத்துக் கிறித்தவ ஊர்களில் தவக்காலத்தில் பாஸ்கு நாடகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிலாத்து வேடக்காரர் முணுமுணுத்தால் கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு என்ன கேட்கும்? டூரிங் டாக்கீஸும் அப்படித்தான். மணல் தரை, வெளியே ஜெனரேட்டர் இரைச்சல், உள்ளே குழந்தைகளின் அழுகை. அத்தனையையும் மீறி அந்தக் குரல் நம்மிடம் வந்து சேர்ந்தது. அதே குரலை உள்ளங்கை அளவுத் திரையில், காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் கூடுதலாகத்தான் தெரியும்.

முந்நூறுக்கு நெருக்கமான படங்கள் நடித்தவர். அவற்றில் உண்மையாகவே அளவு மீறிய இடங்களும் உண்டு. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். வசனத்துக்கே பேர்போன படம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்காகத்தான் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். சக்தி கிருஷ்ணசாமியின் தமிழை அங்கே எத்தனை பேர் காதால் ரசித்திருக்க முடியும்? அவர்கள் பார்த்தது நடையை, நிற்கிற நிலையை, கண்ணை.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் சீவாளியை உதட்டில் வைக்கிற பக்குவம், மூச்சு இழுக்கும்போது தோள் ஏறி இறங்குவது, கன்னம் உப்பி கழுத்து நரம்பு புடைப்பது எல்லாம் சிக்கல் சண்முகசுந்தரத்துடையது. நாயனச் சத்தம் கேட்டே வளர்ந்த டெல்டாக்காரர்களை அதில் ஏமாற்ற முடியாது. குத்துப்பட்டுப் பிழைத்து வந்த சண்முகசுந்தரத்திடம் மோகனா ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிற இடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அவர் வாயில் நாயனம் இருக்கிறது. பதில் சொல்ல வழியில்லை. வலி, பெருமை, காதல், 'எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே' என்கிற ஆறுதல் என்று எல்லாவற்றையும் இரண்டு கண்ணும் புருவமும்தான் சொல்லியாக வேண்டும். சொல்லின.

அடைக்கல மாதா கோயில் மணியோசையில் வளர்ந்த எனக்கு 'ஞான ஒளி' (1972) கூடுதல் நெருக்கம். பி. மாதவன் இயக்கிய படம். சவப்பெட்டி செய்கிற அந்தோணியின் முரட்டுத்தனத்தையும், தேவனிடம் அவன் முறையிடுகிற பாடலையும் எல்லோரும் புகழ்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது பிற்பகுதிதான். தண்டனையிலிருந்து தப்பியவன், பணக்காரனாக, வேறு பெயரோடு ஊர் திரும்புகிறான். பழைய நண்பன் லாரன்ஸ், இப்போது போலீஸ் அதிகாரி, அவனைத் துருவித் துருவிப் பார்க்கிறார். முகத்தில் எதுவும் தெரியக்கூடாது; தெரிந்தால் பிடிபட்டுவிடுவான். ஆனால் உள்ளே இருக்கிற தகப்பன் நமக்கு மட்டும் தெரிய வேண்டும். எதிரில் இருப்பவருக்கு மறைத்து, பார்க்கிறவனுக்குக் காட்டுவது! அழுது நடிப்பதைவிட இது பல மடங்கு கடினம் என்பேன்.

பிறகு 1985-ல் 'முதல் மரியாதை'. பாரதிராஜா அவரை நாடக வாசனையே இல்லாத ஒரு கிராமத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மலைச்சாமி குயிலின் குடிசையில் மீன் குழம்பு சாப்பிடுகிற காட்சி ஒன்று போதும். வீட்டில் பெண்டாட்டி கையால் ஒருநாளும் நிம்மதியாகச் சாப்பிடாத மனுசன், அன்றைக்கு ருசித்துச் சாப்பிடுகிறார். அந்த ஒரு சாப்பாட்டில் அவருடைய முப்பது வருடக் குடும்ப வாழ்க்கை தெரிந்துவிடுகிறது. அதைச் சொல்ல வசனம் தேவைப்படவில்லை. கட்டபொம்மனாகக் கர்ஜித்த அதே ஆள்தான் இவர் என்று சொன்னால், தெரியாதவர்கள் நம்ப மாட்டார்கள்.

இத்தனைக்கும் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை. பிரான்சின் செவாலியேயும் தாதாசாகேப் பால்கே விருதும் வந்தபோது அவருக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. 2001 ஜூலை 21-ல் மறைந்தார். விருதுக் கணக்கைப் பற்றி இனி வருத்தப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் கவலை வேறு. அவரைத் திரையரங்கில் உட்கார்ந்து பார்த்த தலைமுறை நாம்தான். நமக்குப் பிறகு மிமிக்ரி மேடையில் குரலை ஏற்றி இறக்கிக் கைதட்டு வாங்குகிறவர்கள் காட்டுவதுதான் சிவாஜி என்று ஆகிவிடும். கேலிக்கு எளிதாகச் சிக்குவது குரல். அந்த மௌனத்தை யாரும் மிமிக்ரி செய்து நான் பார்த்ததில்லை.

அதனால் ஒரு யோசனை. இந்தக் கோடை விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் வரும்போது கட்டபொம்மனில் தொடங்காதீர்கள். 'முதல் மரியாதை'யை, செல்போனில் வேண்டாம், வீட்டில் இருக்கிற பெரிய திரையில் முழுசாகப் போடுங்கள். நடுவில் நாம் விளக்கம் சொல்லாமல் இருப்பது முக்கியம். பிள்ளைகளே பார்க்கட்டும். அடுத்த நாள் 'தில்லானா'. கட்டபொம்மனை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். அப்போது அந்தக் கர்ஜனை எவ்வளவு பெரிய அடக்கத்தைத் தெரிந்த ஒருவரின் கர்ஜனை என்று அவர்களுக்கே புரியும்.