எந்தத் தறிக்கு இந்த அட்டை?

ஆரணிப் பட்டுச் சேலையின் முந்தானையில் மயில் வர வேண்டுமென்றால், அது முதலில் கட்டம் போட்ட தாளில் ஏற வேண்டும். பிறகு கட்டங்கள் ஜக்காடு அட்டையில் துளைகளாகும். ஊடை ஒருமுறை போக ஓர் அட்டை. துளை இருக்குமிடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். அட்டையில் துளையிடுவது ஓரிடம், தறி ஓடுவது வேறிடம். அதனால் துளையிடுபவருக்குத் தறியில் எத்தனை கொக்கி என்று தெரிந்தாக வேண்டும். 240 கொக்கிக்கான அட்டை 400 கொக்கிப் பெட்டிக்கு உதவாது.

ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறு வகைச் சில்லுக்கு மென்பொருள் தயாரிப்பதும் இப்படிப்பட்ட வேலைதான். இதை ‘கிராஸ் கம்பைல்’ என்கிறார்கள். மூல நிரல்களை ஒன்றுசேர்த்து ஓடும் மென்பொருளாக்கும் ‘பில்ட்’ கருவிகளில் பல இங்கேதான் தடுக்கி விழுகின்றன. மென்பொருள் போய்ச்சேரும் சில்லின் இயல்பை அறிய, சின்னச் சோதனை நிரலை உருவாக்கி, தயாரிக்கும் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கின்றன. வேறு சில்லுக்கான நிரல் இந்தக் கணினியில் எப்படி ஓடும்? வேலை பாதியில் நிற்கிறது. அல்லது இந்தக் கணினியின் இயல்பே அந்தச் சில்லின் இயல்பாக எழுதப்பட்டுவிடுகிறது. நடுவில் தேவைப்படும் துணை நிரலையும் இலக்குச் சில்லுக்கே உருவாக்கிவிட்டு, பிறகு அதை ஓட்ட முடியாமல் திணறுவது இன்னொரு பிழை.

இது நமக்கு ஏன் முக்கியம்? சென்னை ஐஐடி ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த சில்லுக் கட்டமைப்பில் வடிவமைத்த ‘சக்தி’ செயலி, 2018-இல் சண்டிகர் அருகே மொகாலியில் உள்ள குறைக்கடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் சில்லாக வந்தது. 2022-இல் மத்திய அரசு ரிஸ்க்-ஃபைவுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. புதிய சில்லு பிறக்கும்போது, அதைக் கொண்டு இயங்கும் முழுக் கணினி எதுவும் இருக்காது. முதல் மென்பொருள் முழுவதையும் வேறு கணினியில்தான் தயாரிக்க வேண்டும். பில்ட் கருவி முரண்டு பிடித்தால், உள்நாட்டுச் சில்லு பாவு ஏற்றாத தறியாக நிற்கும்.

அந்தச் சில்லிலேயே நேரடியாகத் தயாரிக்கலாமே என்பார்கள். ஒரு மோட்டாரையோ உணர்கருவியையோ இயக்கும் சிறு சில்லில், மூல நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஓடுமளவு நினைவகமே கிடையாது. சில்லைப் போலவே நடிக்கும் மென்பொருள் இருக்கிறதே என்றால், அது உதவும். ஆனால் பெரிய தொகுப்புகளில் வேகம் வெகுவாகக் குறையும். திறந்தமூலக் கருவிகளை ஊதியமின்றிப் பராமரிக்கும் தன்னார்வலர்கள்மேல் மேலும் சுமையா என்ற கேள்விதான் நியாயமானது. ஆயினும், தயாரிக்கும் கணினியையும் இலக்கையும் தொடக்கத்திலேயே பிரித்து வைத்தால் சுமை குறைவு. பின்னால் பிரிப்பதுதான் கடினம். 2015-இல் வந்த, ‘கோ’ நிரல்மொழியின் 1.5 பதிப்பு இதற்குச் சான்று. அதற்கு முன் ஒவ்வோர் இலக்குக்கும் கருவித்தொகுப்பைத் தனியே கட்ட வேண்டியிருந்தது. அதன்பின் இயங்குதளம், சில்லு இரண்டின் பெயரைக் குறிப்பிட்டாலே போதும் என்றானது. சி மொழி நிரல் கலந்தால் சிக்கல் இன்னும் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எனவே சில்லு வடிவமைப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு பில்ட் கருவிகளைச் செப்பனிடவும் போக வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்டங்களில், பரவலாகப் பயன்படும் ஒரு திறந்தமூலத் தொகுப்பை ரிஸ்க்-ஃபைவுக்கு கிராஸ் கம்பைல் செய்து, தடுக்கும் இடத்தைத் திருத்தி, அத்திருத்தத்தை மூலத் திட்டத்துக்கே அனுப்புவதும் ஒன்றாகட்டும். எந்தத் தறிக்கு என்று கேட்டுத் துளையிடும் ஒழுங்கு ஆரணியில் தொழிலோடு சேர்ந்தே வருகிறது. மென்பொருள் தொழிலிலும் அது முதல் பாடமாக வேண்டும்.