துண்டு போட்டுப் பிடிக்கிற சீட் அல்ல

கணியம்பாடியில் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். வேலைக்குப் போன காலமெல்லாம் நானும் அதைத்தான் செய்தேன். கிடைக்கிறதை முதலில் பிடி, நல்லதை அப்புறம் பார்க்கலாம். பொறியியல் கலந்தாய்விலும் இதையே செய்தால் என்ன ஆகும் என்பதை எதிர் வீட்டில் பார்த்தேன்.

அந்த அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை. காலையில் கம்பெனி வேனில் போனால் இருட்டித்தான் திரும்புவார். மகளுக்கு 200-க்கு நல்ல கட்-ஆஃப். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் அலைந்து வாங்கிவிட்டார்கள். கல்லூரி வரிசையை மட்டும் ஒரு பிரவுசிங் சென்டரில் பத்து நிமிஷத்தில் போட்டார்கள். "நிச்சயமா கிடைக்கிறதை மேலே போடும்மா" என்றாராம் அங்கிருந்தவர். முதலில் ஒரு சுயநிதிக் கல்லூரி. பாகாயம் தந்தை பெரியார் அரசுக் கல்லூரி மூன்றாவது.

கம்ப்யூட்டர் மேலிருந்துதான் பார்க்கும். முதல் வரியிலேயே இடம் இருந்தால் அடுத்த வரிக்குப் போகாது. மேலே ஆசைப்பட்டது கிடைக்காவிட்டாலும் கீழே உள்ளது பறிபோகாது. இவளைவிடக் கட்-ஆஃப் குறைந்த, அதே பிரிவுப் பெண்ணுக்குப் பாகாயத்தில் இடம் கிடைத்தது. இவள் என்னிடம் வந்தபோது ஒதுக்கீடு முடிந்திருந்தது.

2017 வரை சென்னைக்கு நேரில் போக வேண்டும்; காலி இடங்களைத் திரையில் பார்த்துத் தேர்வு செய்யலாம். அலைச்சல்தான், ஆனால் கண்ணெதிரே தெரியும். 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். பயணச் செலவு மிச்சம். யோசிக்கிற வேலை முழுவதும் வீட்டின் தலையில்.

எனவே என் கட்சி இது: பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரமே பென்சிலால் வரிசை எழுத ஆரம்பிக்க வேண்டும். எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவுக்கு, எந்தக் கட்-ஆஃப் வரை போன வருஷம் இடம் கிடைத்தது என்பது இணையத்திலேயே இருக்கிறது. பள்ளிகள் இதற்கு இரண்டு நாள் ஒதுக்கினால் என்ன? மாதிரித் தேர்வுக்கு எத்தனை நாள் ஒதுக்குகிறார்கள்!

இப்போது தம்பி பிளஸ் டூ. முதல் பட்டதாரிச் சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான். அது அக்காவோடு போயிற்று. படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது. அரசுக் கல்லூரி கிடைத்தாக வேண்டும்.

நோட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தான். முதல் வரியில் கிண்டி என்று எழுதச் சொன்னேன்.

"அதெல்லாம் நமக்குக் கிடைக்குமா சார்?" என்றார் அம்மா.

"கிடைக்காட்டி அடுத்த வரிக்குப் போகும்மா."

மூன்றாவது வரியில் பாகாயம் எழுதினோம். நாற்பது வரி வரை போக வேண்டும். இதுவரை பதினொன்று ஆகியிருக்கிறது.