புதுப் பாட்டை மறுபடி பாடினால் குற்றமா?

அண்மையில் வெற்றிபெற்ற பாடல்களை இன்னொருவர் எடுத்து ஆல்பமாகப் பாடினால், ‘சரக்கு தீர்ந்துவிட்டது’ என்று உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். இதை ஏற்கவே முடியாது. அமெரிக்காவின் ஐஸ்லி பிரதர்ஸ் குழு 1971-இல் வெளியிட்ட ‘கிவின் இட் பேக்’ என்ற கவர் ஆல்பமே அதற்குத் தக்க பதில்.

முதல் குற்றச்சாட்டு: இது வெறும் நகல். பாப் டிலனின் ‘லே லேடி லே’ 1969-இல் வந்தபோது மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டியது. ஐஸ்லி சகோதரர்கள் அதைப் பத்து நிமிடத்துக்கும் மேல் பாடினார்கள். நிதானமான கன்ட்ரி பாடல், ரொனால்ட் ஐஸ்லியின் குரலில் கெஞ்சலும் தவிப்புமாக உருகும் சோல் பாடலாயிற்று. வரிகள் டிலனுடையவை, வேகமும் மூச்சும் மனநிலையும் இவர்களுடையவை.

இரண்டாவது: பாட்டுக்கு வயதாகட்டும், பிறகு தொடலாம். காத்திருந்தால் இழப்புத்தான். 1970 மே 4 அன்று ஓஹையோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், வியட்நாம் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல்படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். நால்வரும் வெள்ளையர். அதைக் குறித்து நீல் யங் எழுதிய ‘ஓஹையோ’ அடுத்த மாதமே வெளிவந்தது. மே 15 அன்று மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு கறுப்பின இளைஞர்கள் மாண்டார்கள். நாடு அவர்களை அந்த அளவுக்குக் கண்டுகொள்ளவில்லை. மறு ஆண்டே இந்தக் கறுப்பினச் சகோதரர்கள் ‘ஓஹையோ’வைப் பாடினார்கள். ஒருகாலத்தில் தங்கள் குழுவில் கிதார் வாசித்து, 1970-இல் மறைந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘மெஷின் கன்’னை அதோடு சேர்த்தார்கள். யாருடைய பிள்ளை செத்தாலும் துக்கம் எங்களுடையதே என்று அந்தப் பாட்டு அறைகிறது. புண் ஆறுமுன் பாடியதால்தான் அதற்கு அத்தனை வலு. இருபது ஆண்டு கழித்துப் பாடியிருந்தால் அது அஞ்சலியாகியிருக்கும், எதிர்ப்பாக இருந்திருக்காது.

மூன்றாவது: அடுத்தவர் வெற்றியில் குளிர்காய்கிறார்கள். ஆல்பத்தை விற்கத்தான் வெளியிட்டார்கள், அதுவும் டி-நெக் என்ற தங்கள் சொந்த லேபிளில். அதில் தவறென்ன? 1962-இல் இவர்கள் பாடி வெற்றிபெற்ற ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’டை மறு ஆண்டே பீட்டில்ஸ் தம் முதல் ஆல்பத்தில் பாடினார்கள். அதைத் துடிப்பு என்று கொண்டாடுகிறோம். வெள்ளையர் எடுத்தால் துடிப்பு, கறுப்பினத்தவர் எடுத்தால் குளிர்காய்தலா?

சோம்பலாகச் செய்த கவர் ஆல்பங்கள் ஏராளம் உண்டு. அவற்றின் குறை பாட்டு புதிது என்பதல்ல. பாடியவருக்குச் சொல்ல ஏதுமில்லை என்பதே. மூலப் பாடல் சொல்லாமல் விட்டதைக் கவர் பாடல் சொல்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை கேட்பவரின் காதில்தான் இருக்கிறது. வெளியான தேதியில் இல்லை.