வண்டி எடுக்கலாமான்னு ஆப் சொல்லாதுங்க

போன வாரம் வாழப்பாடியில ஒரு லாரி டிரைவர் அண்ணன் செல்போனை நீட்டினார். ஜவ்வரிசி லோடு ஏத்திட்டு அன்னைக்கு ராத்திரியே மகாராஷ்டிரா கிளம்பணும். "டாக்டர், இதுல 40 வந்தா கண்ணு களைக்கலன்னு அர்த்தமாம். எனக்கு 40 வந்துச்சு. வண்டி எடுக்கலாம்ல?"

திரையில ஒரு வெள்ளைப் புள்ளி மினுக்கிட்டு இருந்துச்சு.

இந்தச் சோதனை கட்டுக்கதை இல்ல. விளக்கை விநாடிக்கு 10 முறை அணைச்சு எரிய விட்டா துடிக்கிறது தெரியும். வேகத்தைக் கூட்டிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல துடிப்பு மறைஞ்சு நிலையான வெளிச்சமாயிடும். அந்த எல்லை, விளக்கோட பிரகாசத்தைப் பொறுத்து, பலருக்கும் 35 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கும். (வீட்டு பழைய சோக் டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுக்குது. நமக்குத் தெரியுதா?)

களைச்சா இந்த எல்லை கொஞ்சம் இறங்கும். ஆனா சைமன்சனும் என்சரும் 1941ல இதைப் பத்தி எழுதின கட்டுரையோட தலைப்புலயே மைய நரம்பு மண்டலக் களைப்புன்னுதான் இருக்கு. அதாவது மூளை. கல்லீரல் சுருங்கினவங்களுக்கு வர்ற ஆரம்பகட்ட மூளைக் குழப்பத்தைப் பிடிக்கக்கூட இதே முறையில 39 ஹெர்ட்ஸை எல்லையா வச்சுப் பாக்குறாங்க. வயசு, மது, தூக்க மாத்திரை எல்லாமே இந்த எண்ணை மாத்தும்.

இப்ப ஆப்புக்கு வருவோம். சாதாரண போன் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்குது. ஒரு முறை எரிய, ஒரு முறை அணைய. அதிகபட்சம் 30 மினுக்கல்தான். அடுத்தது 20, அப்புறம் 15. 120 ஹெர்ட்ஸ் போன்ல 60க்கு அடுத்து நேரா 40. நடுவுல 45, 42 எதையும் அதால சீராக் காட்ட முடியாது. நாம தேடுற சின்ன இறக்கமோ அந்த இடைவெளிக்குள்ளதான் இருக்கு! அண்ணனுக்கு வந்த 40 போனோட எண், அவரோட எண் இல்ல.

முறையான கருவியே இருந்தாலும், ஒருத்தரோட காலை அளவையும் மாலை அளவையும் ஒப்பிட்டாத்தான் ஏதாவது சொல்ல முடியும். ஒரே ஒரு எண்ணை வச்சு லைசென்ஸ் மாதிரி நீட்டக் கூடாது.

"நேத்து எவ்வளவு நேரம் தூங்கினீங்க?"ன்னு கேட்டேன். "மூணு மணி நேரம் இருக்கும்."

கிளம்பாதீங்கன்னேன். லோடு லேட்டானா வாடகையில பிடிப்பாங்கன்னார். இதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேரம், நெடுந்தூரம்னா 10ன்னு வரம்பு வச்சுது. இதைப் படிக்கிற லாரி உரிமையாளர்களே, நெடுந்தூர வண்டிக்கு ரெண்டாவது டிரைவரைப் போடுங்க. ஆப்பை ஃபார்வர்ட் பண்ணாதீங்க.