குரல் ரத்தத்தில் வருவதில்லை

கோபன்ஹேகனில் ஒரு குரல் வகுப்பு. முதல் நாள். "தெருவின் அந்தப் பக்கம் போகிற தோழியைக் கூப்பிடுங்கள்" என்றார் ஆசிரியர். கூச்சமாக இருந்தது. ஏரிக்கரையில் நின்றுகொண்டு ஆயா என்னைக் கூப்பிடுவதை நினைத்துக்கொண்டு "ஏய்!" என்று ஒரு குரல் கொடுத்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இதுதான் வேண்டும். இதை எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டார் ஆசிரியர்.

எனக்குப் பதில் வரவில்லை. இதே குரலுக்காகத்தான் எட்டாம் வகுப்பில் இறைவணக்கம் பாடும் குழுவிலிருந்து என்னை நிறுத்தினார்கள். "இது பாட்டு இல்ல, சேரிக் கத்தல்" என்றார் அன்றைய ஆசிரியை. அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நான் யார் முன்னாலும் பாடவில்லை. டென்மார்க்கில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் உண்டு. அதில் மிச்சம் பிடித்துத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

அங்கே நான் முதலில் கற்றது பாட்டு அல்ல, ஒரு பார்வை. கேத்ரின் சாடொலின் என்ற டென்மார்க் பாடகி உருவாக்கிய 'கம்ப்ளீட் வோக்கல் டெக்னிக்' என்ற முறை, மனிதக் குரலின் ஒலிகளை நியூட்ரல், கர்பிங், ஓவர்டிரைவ், எட்ஜ் என நான்காகப் பிரிக்கிறது. இவற்றில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று எதுவும் கிடையாது. தெருவில் ஒருவரைக் கூப்பிடுகிற அந்தக் கத்தல் ஓவர்டிரைவ். அதற்கும் விதிகள் உண்டு: மூச்சுக்கு வயிறும் இடுப்பும் தாங்கல் கொடுக்க வேண்டும், தாடையை முன்னால் தள்ளக் கூடாது, உதட்டை இறுக்கக் கூடாது. கரகரப்பும் அப்படித்தான். கீழே குரல் நாண்கள் ஒழுங்காக அதிர்ந்துகொண்டிருக்க, அவற்றுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல் நாண்களையும் சேர்த்து அதிரவைத்தால் ஒருவகைக் கரகரப்பு வரும். "இனிமையாக இருக்கிறதா?" என்று அந்த வகுப்பில் யாரும் கேட்கவில்லை. "நீ நினைத்த ஒலி வந்ததா? தொண்டை வலிக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகள்தான்.

அப்படியானால் 'சாரீரம் இல்லை', 'கட்டைக் குரல்', 'கத்துகிறாள்' என்று நம்மிடம் சொல்லப்பட்டதெல்லாம் என்ன? அது தொண்டையைப் பற்றிய உண்மை அல்ல. கேட்பவரின் காது கொடுத்த தீர்ப்பு. அந்தக் காது எந்தத் தெருவில் வளர்ந்தது என்பதைப் பொறுத்த தீர்ப்பு.

மேற்கிலும் இந்தத் தீர்ப்பு இருந்தது. ஜாஸ், ப்ளூஸ், காஸ்பெல், ராக், பாப் எல்லாவற்றையும் சேர்த்து 'கிளாசிக்கல் அல்லாதது' என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தார்கள். ஜானெட் லோவெட்ரி என்ற அமெரிக்கக் குரல் ஆசிரியர் 2000 வாக்கில் 'கன்டெம்பரரி கமர்ஷியல் மியூசிக்' என்ற பெயரை முன்வைத்ததற்குக் காரணமே இந்த 'அல்லாதது'தான். இன்னொன்றின் இல்லாமையாக ஏன் ஒரு கலை அறியப்பட வேண்டும்? 'பிராமணரல்லாதார்' என்ற பெயரிலிருந்து 'திராவிடர்' என்ற பெயருக்கு நகர்ந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

அதற்காக மேற்கைச் சமத்துவபுரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1939இல் வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் பாட மேரியன் ஆண்டர்சனுக்கு இடம் மறுக்கப்பட்டது. காரணம், அவர் கறுப்பினப் பெண். அவர் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று சுமார் 75,000 பேர் முன்னிலையில் பாடினார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையில் முதல் கறுப்பினத் தனிப்பாடகராக அவர் நிற்க 1955 வரை ஆனது. இன்னொரு பக்கம், தேவாலயங்களிலும் மதுக்கூடங்களிலும் கறுப்பினப் பாடகர்கள் வளர்த்த உறுமலும் உரத்த குரலும் தொண்டைக்குக் கேடு என்று சங்கீத ஆசிரியர்கள் நெடுங்காலம் ஒதுக்கினார்கள். பிறகு அதே ஒலிகள் கட்டணம் கட்டிப் படிக்கும் பாடங்களாயின.

இங்கே ஓர் ஆபத்தையும் கவனிக்க வேண்டும். இழிவுபடுத்துவது மட்டுமல்ல, புகழ்வதும் சாதியாக இருக்க முடியும். "கானா அவங்க ரத்தத்துலயே இருக்கு", "பறை அவங்க மரபணுவுல இருக்கு" என்று நம் நண்பர்களே மேடையில் பேசுகிறார்கள். நினா சன் ஐட்சைம் 'தி ரேஸ் ஆஃப் சவுண்ட்' (2019) என்ற நூலில் இதைத்தான் உடைக்கிறார்: 'கறுப்புக் குரல்' என்று பிறப்பில் எதுவும் இல்லை. குரல் பழக்கத்தால் உருவாவது. அதில் இனத்தைக் கேட்பது கேட்பவரின் காது. பிறப்பால் தொழில், பிறப்பால் திறமை என்று சொல்வதுதானே வர்ணம்? ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் கற்றுக்கொண்ட உழைப்பு மறைந்துவிடும். ரத்தத்தில் இருப்பதற்கு யார் கூலி கொடுப்பார்கள்? யார் பாடத்திட்டம் எழுதுவார்கள்? யார் வைத்தியம் பார்ப்பார்கள்?

என் ஆயா ஒப்பாரி பாடுகிறவர். சாவு விழுந்த வீட்டில் இரவு முழுக்க மைக் இல்லாமல் பாடுவார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு விடிந்ததும் வருவார். பிறகு இரண்டு நாள் பேச்சு வராது, சைகைதான். அதை ஒரு நோவாக எங்கள் வீட்டிலேயே யாரும் எண்ணியதில்லை. போன மாதம் போனில், "எப்படி ஆயா ராத்திரி முழுக்கப் பாடுவ?" என்று முதல்முறையாகக் கேட்டேன். சிரித்தார். "வயித்துல இருந்து குடுக்கணும்டி. தொண்டையில இருந்து குடுத்தா கோழி கூவறதுக்குள்ள போயிடும். ஒருத்தி எடுத்துக் குடுப்பா, மத்தவ வாங்கிப்பா. அந்த நேரத்துல மூச்சு வாங்கிக்கணும். எங்க நாத்தனா சொல்லிக் குடுத்தது" என்றார்.

நாத்தனார் சொல்லிக் கொடுத்தது. ரத்தம் அல்ல, பாடம். நான் கோபன்ஹேகனில் காசு கொடுத்துக் கற்ற தாங்கலை ஆயா காசில்லாமல் கற்றிருக்கிறார். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே அதற்குப் பெயரும் புத்தகமும் சான்றிதழும் இருக்கின்றன. ஆயாவின் பாடத்துக்குப் பெயர் 'கத்தல்'.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் காலங்காலமாகக் குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதில் 'குரலிசை' என்றால் கர்நாடக இசை. குரல் என்ற பொதுச்சொல்லையே ஒரு இசை தனக்கென்று பட்டா போட்டுக்கொண்டிருக்கிறது. கானாவும் ஒப்பாரியும் குரலிசை இல்லையென்றால் வேறு எந்த உறுப்பால் பாடப்படுகின்றன?

2018இல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது கானா சென்னையின் நடுவில் கேட்டது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் நுழைந்த இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். மேடை கிடைத்திருக்கிறது. அடுத்து வேண்டியது வகுப்பறையும் மருத்துவமும். இசைப்பள்ளிகளின் குரலிசையில் கானாவும் ஒப்பாரியும் பாடமாக வேண்டும். அவற்றைப் பாடுகிறவர்களே சம்பளத்தோடு ஆசிரியர்களாக வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் தன் உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் தொண்டைப் பரிசோதனை செய்ய வேண்டும். குரல் போனால் கூலி போகிற உழைப்பாளிகள் அவர்கள்.

வெளிநாட்டில் படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அங்கே கற்றதைத் தமிழில் எழுத வேண்டும், குருவாக அல்ல. நம் ஊர்ப் பாடகிகளிடம் உட்கார்ந்து, அவர்கள் வைத்திருக்கும் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் மாணவர்களாக. இந்த முறை ஊருக்குப் போகும்போது ஆயாவிடம் ஒரு நோட்டோடுதான் உட்காரப்போகிறேன்.