பாட்டிக்குத் திறக்கணும், பேரனுக்குத் திறக்கக் கூடாது!

"மாத்திரை டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால், "கைக்கு எட்டாத இடத்தில்தான்" என்று நாம் எல்லோரும் டக்கென்று சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சகோதரிகளே. யார் கைக்கு எட்டாத இடம் என்று நான் யோசித்தது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வயிறு கலங்கின பிறகுதான்.

என் மகள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தாள். கூடவே மூன்றரை வயதுப் பேரன். வாலு என்றால் வாலு, அப்படி ஒரு வாலு. வீட்டில் என் மாமியாருக்கு வயது 76. ரத்தக் கொதிப்புக்கு தினம் இரண்டு மாத்திரை, சர்க்கரைக்கு ஒன்று. விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கி முண்டும் முடிச்சுமாக இருக்கும். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்க அவரால் முடியாது. பாவம், சிரமப்படுகிறாரே என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் நானே உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு வேண்டிய 21 மாத்திரைகளையும் பிதுக்கி, ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, மூடியை இறுக்கி அழுத்திக் கொடுத்துவிடுவேன். மருமகள் கடமை முடிந்தது என்று ஒரு திருப்தி!

அன்றைக்கு நான் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மகள் குளிக்கப் போயிருந்தாள். அத்தை கொல்லைப்புறம் போயிருந்தார். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. குழந்தை இருக்கிற வீட்டில் அமைதி என்றால் அது நல்லதுக்கில்லை என்று உங்களுக்குத் தெரியுமே! போய்ப் பார்த்தால், கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து சம்படத்து மூடியைத் திருப்பித் திருப்பி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். தரையெல்லாம் மாத்திரை. உதட்டோரம் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

விரலை விட்டு வழித்ததில் அரை மாத்திரை வந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து, "உப்புத் தண்ணி கரைச்சுக் குடுங்க, எல்லாம் வெளியில வந்துடும்" என்றார். நானும் டம்ளரைக் கையில் எடுத்துவிட்டேன். மகள்தான், "வேண்டாம்மா, ஆட்டோவைக் கூப்பிடு" என்று கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "என்ன மாத்திரை? அட்டை எங்கே?" என்பதுதான். அட்டையா? பிதுக்கினதுமே குப்பையில் போட்டாயிற்றே! இவர் வீட்டுக்கு ஓடி, குப்பைக்கூடையைக் கவிழ்த்து, காலி அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அடுத்த கேள்வி, "எத்தனை சாப்பிட்டிருப்பான்?" எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது போலவும் இருந்தது, இரண்டு குறைந்தது போலவும் இருந்தது. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டோமா என்பது அத்தைக்கே நினைவில்லை.

"பெரியவங்களுக்கு இது தினசரி மாத்திரை. இந்த வயசுக் குழந்தைக்கு சில பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஒண்ணு ரெண்டே ஆபத்து" என்றார் டாக்டரம்மா. ஒரு பகலும் ஓர் இரவும் அங்கேயே வைத்திருந்தார்கள். விரல் நுனியில் குத்திக் குத்தி சர்க்கரை பார்த்தார்கள். அவன் ஒவ்வொரு தடவை அழும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்ல வேளை, மறுநாள் சிரித்துக்கொண்டே வீடு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மூடியை ஒழுங்கா அழுத்தி மூடியிருந்தா இப்படி ஆகியிருக்குமா, அத்தை?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். "அழுத்தி மூடினா மறுவேளைக்கு யாரும்மா திறந்து தருவா? நீ அடுப்படியில நிக்கிற. ஒவ்வொரு வேளைக்கும் உன்னைக் கூப்பிட எனக்குச் சங்கடமா இருக்கு. அதான் மூடியைச் சும்மா மேலாக வெச்சிருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவரால் பிரிக்க முடியவில்லை என்று அட்டையை விட்டு மாத்திரையை வெளியே எடுத்தது நான். அவரால் திறக்க முடியாத சம்படத்தில் அதைப் போட்டதும் நான். கடைசியில் பழி மட்டும் அவர் மேலா?

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரம்மா, "அழுத்தித் திருகுற மூடி போட்ட டப்பா கிடைச்சா வாங்குங்க" என்று சொல்லியிருந்தார். அது என்ன மூடி என்று காலேஜ் படிக்கும் என் பையனைத் தேடிப் படித்துச் சொல்லச் சொன்னேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

கனடாவில் விண்ட்சர் என்று ஓர் ஊர். அங்கே ஹென்றி ப்ரோ என்று ஒரு குழந்தை வைத்தியர். மாத்திரையை விழுங்கிவிட்ட குழந்தைகளுக்கு ராத்திரி பகலாக வைத்தியம் பார்த்து அவருக்கு மனசு வெறுத்துப் போயிற்று. விழுங்கின பிறகு பார்க்கிற வைத்தியத்தைவிட விழுங்காமல் தடுப்பது மேல் என்று நினைத்தார். அதே ஊரில் தொழிற்சாலை வைத்திருந்த பீட்டர் ஹெட்ஜ்விக் என்பவர் ஒரு மூடியை வடிவமைத்தார். உள்ளங்கையால் கீழே அழுத்திக்கொண்டே திருகினால்தான் அது திறக்கும். 1967-ல் அது அந்த ஊரில் புழக்கத்துக்கு வந்ததும் குழந்தைகள் மருந்தை விழுங்குவது மளமளவென்று குறைந்தது. அமெரிக்காவில் 1970-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள்.

மூடியின் சூட்சுமம் ரொம்ப எளிது. அது ஒரு மூடி இல்லை, இரண்டு மூடி. மரை உள்மூடியில் இருக்கிறது. வெளிமூடி அதன் மேல் தளர்வாக உட்கார்ந்திருக்கும். சும்மா திருகினால் வெளிமூடி மட்டும் "டக் டக்"கென்று சுற்றும். மேலிருந்து அழுத்தினால் அதன் பற்கள் உள்மூடியைக் கவ்விக்கொள்ளும். அப்போது திருகினால் திறந்துகொள்ளும். அழுத்துவது, திருகுவது என்று இரண்டு வேலையை ஒரே சமயத்தில் சேர்த்துச் செய்வது சின்னக் குழந்தைக்குப் பிடிபடாது. கழிப்பறை கழுவும் திரவ பாட்டிலில் மூடியின் இரண்டு பக்கமும் கோடு கோடாக இருக்கிறதே, அங்கே அமுக்கிக்கொண்டே திருகச் சொல்வதும் இதே தத்துவம்தான்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது, அமெரிக்காவில் இந்த மூடிகளைச் சோதிக்கிற விதம். மூன்றரை வயதிலிருந்து நாலேகால் வயது வரை உள்ள பிள்ளைகளிடம் டப்பாவைக் கொடுத்து ஐந்து நிமிஷம் விட்டுவிடுவார்களாம். பிறகு எப்படித் திறப்பது என்று பேசாமல் ஒரு தடவை செய்து காட்டி, பல்லால் கடித்துப் பார்க்கலாம் என்றும் சொல்லி, இன்னும் ஐந்து நிமிஷம் கொடுப்பார்கள். நூற்றுக்கு 85 பேராவது முதல் ஐந்து நிமிஷத்தில் திறக்காமல் இருக்க வேண்டும். காட்டிக் கொடுத்த பிறகும் 80 பேர் திறக்கக் கூடாது.

இதோடு முடியவில்லை. பெரியவர்களுக்கும் பரீட்சை உண்டு. முதலில் 18 முதல் 45 வயது உள்ளவர்களை வைத்துத்தான் அதைச் செய்தார்கள். ஆனால் வயதானவர்களோ, திறக்க முடியவில்லை என்று மூடியைப் போடாமலே வைத்தார்கள். வேறு டப்பாவில் கொட்டி வைத்தார்கள். அதாவது, என் அத்தை செய்ததையும் நான் செய்ததையும் அங்கேயும் செய்திருக்கிறார்கள்! அதனால் 1995-ல் விதியை மாற்றினார்கள். 50 முதல் 70 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேர் திறந்து, திரும்ப ஒழுங்காக மூட வேண்டும். அப்போதுதான் அந்த டப்பா பாஸ்.

இதைக் கேட்டதும் நம் வீட்டிலும் ஒரு பரீட்சை வைத்தால் என்ன என்று தோன்றியது. மருந்தோ மிட்டாயோ போடாமல், அலமாரிச் சாவிக்கொத்தை உள்ளே போட்டு, ஒவ்வொரு டப்பாவாகப் பேரனிடமும் அத்தையிடமும் கொடுத்தேன்.

எவர்சில்வர் சம்படம்: அத்தையால் முடியவில்லை. பேரன் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. ஓங்கித் தரையில் போட்டான். மூடி ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம்! நான் நம்பியிருந்த டப்பாவின் லட்சணம் இதுதான்.

நாலு பக்கமும் கிளிப் போட்ட பிளாஸ்டிக் டப்பா: பேரன் ஒரு நிமிஷத்தில் திறந்துவிட்டான். அத்தையின் நகம்தான் பிய்ந்தது.

சாதாரணத் திருகு மூடி பாட்டில்: பேரன் சிரித்துக்கொண்டே திறந்தான்.

அழுத்தித் திருகும் மூடி போட்ட ஒரு பழைய சிரப் பாட்டில் (இதில் மட்டும் சாவிக்கொத்து நுழையவில்லை): பேரன் சுற்றினான், கடித்தான், தட்டினான். "டக் டக்" சத்தம்தான் வந்தது. அத்தைக்கும் முதலில் வரவில்லை. விரலால் பிடித்துத் திருகினார், வலித்தது. "பாட்டிலை மேஜை மேல வெச்சு, உள்ளங்கையை மூடி மேல ஊன்றித் திருப்புங்க, அத்தை" என்றேன். உடம்பு பாரமே அழுத்திக் கொடுத்தது. திறந்துகொண்டது! அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. பலத்தைக் கேட்கிற மூடி பாட்டியையும் தோற்கடிக்கும். பழக்கத்தையும் புத்தியையும் கேட்கிற மூடி பேரனை மட்டும்தான் தோற்கடிக்கும். டப்பா வாங்கும்போது "இறுக்கமாக இருக்கிறதா?" என்று பார்க்கிறோம். "வீட்டிலே கை வலுவில்லாதவர் இதைத் திறந்து, திரும்ப மூடுவாரா?" என்று பார்க்க வேண்டும். திறக்கக் கஷ்டமான டப்பா, பத்து நாளில் திறந்தே கிடக்கும் டப்பாவாக மாறிவிடும்.

பையன் தேடிப் பிடித்து, அழுத்தித் திருகும் மூடியுள்ள அகல வாய் டப்பா ஒன்றை வரவழைத்துக் கொடுத்தான். மாத்திரைகள் இப்போது அட்டையோடேயே அதில் இருக்கின்றன. பிதுக்குவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். சின்ன டம்ளரின் வாயில் அட்டையின் காகிதப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே இருக்கும் குமிழைக் கரண்டிக் காம்பின் முனையால் அழுத்தினால், மாத்திரை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு டம்ளருக்குள் விழுந்துவிடும். விரலுக்கு வேலையே இல்லை. அத்தை மூன்று வேளையும் தானே எடுத்துக்கொள்கிறார். மகளுக்குக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையும் அதே டப்பாவில்தான். சிவப்பாக, மிட்டாய் மாதிரி பளபளவென்று இருக்கும் அந்த மாத்திரை குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து என்பதை டாக்டரம்மா தனியாகச் சொல்லி அனுப்பினார்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இது குழந்தையைத் தாமதப்படுத்துகிற மூடியே தவிர, அடியோடு தடுத்துவிடுகிற மூடி அல்ல. பரீட்சையில் பாஸான டப்பாவையே நூற்றுக்கு 15, 20 பிள்ளைகள் திறந்துவிடலாமே! அதனால் டப்பாவையும் அத்தையின் தோள் உயர அலமாரியில்தான் வைத்திருக்கிறோம்.

நீங்களும் கவனிக்க வேண்டியவை:

* மூடியை முழுதாகத் திருகி மூடுங்கள். பாதியில் விட்டால் அது சாதாரண மூடிதான். சிரப் வழிந்து பிசுபிசுத்தால் ஈரத்துணியால் துடைத்து வையுங்கள்.

* மாத்திரை அட்டையைக் கடைசி மாத்திரை தீரும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

* குளிர்பான பாட்டிலில் மண்ணெண்ணெய், பினாயில், ஆசிட் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு பகுதியில் மண்ணெண்ணெய்க்கு இப்படிப்பட்ட மூடியுள்ள கலன்களைக் கொடுத்துப் பார்த்தபோது, குழந்தைகள் அதைக் குடிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

* பூஜை அறைக் கற்பூரம், பீரோவில் போடும் அந்துருண்டை, கொசு விரட்டித் திரவம், பொத்தான் பேட்டரி எல்லாமே பூட்டி வைக்க வேண்டிய பொருள்கள். கற்பூரத்தைத் தின்ற குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

* மருந்தை "மிட்டாய்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

* குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயும் ஆசிடும் மேலே வரும்போது இன்னும் கெடுதல் செய்யும். அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

நேற்று மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தேன். உள்ளே "டக் டக்" என்று சத்தம். பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். பேரன் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். அத்தைதான், அழுத்த மறந்து சும்மா திருகியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே உள்ளங்கையை ஊன்றினார். "நீ போய் வேலையைப் பாரும்மா, நானே திறந்துக்கறேன்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இன்றைக்கே சாவிக்கொத்துப் பரீட்சை நடத்திப் பாருங்கள். எந்த டப்பா பாஸ், எது பெயில் என்று எனக்கும் எழுதுங்களேன்!